ஆசிரியர் நினைவு உபகாரச் சம்பளம்

(புதுவையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காது கேளாக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதிலேயே தம் வாணாளைச் செலவிட்ட ஆசிரியரின் நினைவாக உபகாரச் சம்பளம் ஒன்று ஏற்படுத்த நம் சங்கத்தார் முன்வந்திருக்கின்றனர். அப்பெரியாரின் பெயரையும் பெருமையையும் தலைவரவர்கள் விரித்துரைத்துவிட்டமையின், அப்பணம் யாரைச் சென்றடைதல் வேண்டும் என்பது பற்றியே யான் பேசப் புகுகின்றேன்.

அவர் செய்த வேலை எத்தன்மையது? 'பாலை', 'மாலை' என்னும் இரு சொற்களையும் ஒலியின்றிச் சொல்லிப் பாருங்கள். காண்பவர் கண்ணுக்கு இதழ்கள் இரண்டிடத்தும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். மகரத்துக்கு மூக்கில் அதிர்வு உண்டு, பகரத்துக்கு அஃதில்லை. குழந்தையின் விரலைத் தம் மூக்கின்மீது வைத்தும், பின் அதன் மூக்கின்மீதே வைத்தும் இவ்வொரு வேற்றுமையை உணர்த்துதற்குப் பன்னாள் பிடிக்கும். நம் மக்கள் தொட்டிலிற் கிடந்தவாறே செவிவழிப் பெறுவதை, அக்குழந்தை கண்ணாலும் கையாலும் ஒவ்வொன்றாகச் சம்பாதிக்கின்றது. அதனை 'ஊமை' என ஊரார் ஒதுக்குவது தகாது. குரல் உண்டு, கேளாமையாற் பேச்சு அமையவில்லை, அவ்வளவே. சைகைமொழியோ தன்னளவில் முழு மொழியாகும். 1880-ல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சு முறையையே உயர்த்தி அதனைப் பள்ளிகளினின்றும் விலக்கத் தீர்மானித்தது. அது பெரும் பிழை என்பதே என் துணிபு. 2010-ல் வான்கூவரிற் கூடிய மாநாடும் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

இனி, முன்மாதிரி ஒன்று கூறுவேன். நம் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. பாரிசில் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்னும் பாதிரியார் 1760-ஐ ஒட்டித் தம் இல்லத்திலேயே காது கேளாதார்க்குப் பள்ளி தொடங்கி, பிதுரார்ஜிதப் பொருளை அதற்கே செலவிட்டார். 1789-ல் காலமானார். 1791 ஜூலையில் பிரெஞ்சுத் தேசிய சபை அவரை மானிட வர்க்கத்துக்கு உபகாரஞ் செய்தோர் வரிசையில் வைத்துப் போற்றியது. போற்றியதோடு நில்லாமல், பொருளற்ற மாணாக்கர் 24 பேர்க்கு அப்பள்ளியில் இலவச இடமும் ஏற்படுத்திற்று. நினைவுச் சின்னம் என்றால் இதுவன்றோ! பிற்காலத்தில் அங்குப் பயின்ற லோரான் கிளேர், தாமும் காது கேளாதவரே, அங்கேயே ஆசிரியரானார். 1816-ல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டு ஹார்ட்போர்டில் கல்லூடெட் என்பாரோடு பள்ளி நிறுவினார். நம் தமிழ்நாட்டிலும் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தோற்றுவித்த பள்ளி அவர் பெயராலேயே நடைபெறுகின்றது.

இவற்றால் நமக்குப் பெறப்படுவது யாது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இத்தகைய பிள்ளைகட்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. முட்டுப்பாடு அதற்குப் பின்னரே மிகும். ஆகவே நம் நிதியின் பெரும்பகுதி, பள்ளி முடித்து ஆசிரியப் பயிற்சி பெற விழையும் காது கேளாத இளைஞர்க்கே செல்க. முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்க ஊரிற் பலர் உளர். நாமும் அவ்வழியே செல்ல வேண்டுவதில்லை.

'நம் குலத்தார்க்கு மட்டும்' என்று சில அன்பர்கள் விரும்புவதை அறிவேன். சங்கத்தின் ஏனைய நிதிகள் அவ்வாறே இருப்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வாசிரியர் தம் வகுப்பிற் குலம் கேட்டாரல்லர். அவர் பெயரால் நாம் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? நிபந்தனை வகுக்கும் உறுப்பினர்கள் விண்ணப்பத் தாளில் அதற்கென ஓரிடம் விடாதிருக்கவும், நேர்காணலில் சைகைமொழி வல்லார் ஒருவரை உடன் அமர்த்தவும் வேண்டிக்கொள்கின்றேன்.