வலியை மறைத்த கால்கள்

(பொதட்டூர்பேட்டையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் நாட்டியத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். தாவீது ராஜா ஆடினதை அறிந்த நமக்கு இது புதிதல்லவே!

சில மாதங்களுக்கு முன் எங்கள் வெளிநோயாளர் பகுதியில் 14 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பரதநாட்டியம் பயில்கிறவள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மூன்று மாதமாக வலி. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. "அப்பா கடன் வாங்கியிருக்கிறார் ஐயா. அதனால்தான் சொல்லவில்லை" என்றாள். படியிறங்க முடியாமல் போன பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விட்டிருந்தது.

இது எப்படி வருகிறது? அரைமண்டியில் முழங்கால்களை மடித்து இருபுறமும் விரிக்க வேண்டும். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இடங்கொடாதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்காலும் கணுக்காலும் முறுக்குண்டு போகின்றன. வெறுங்காலால் சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டும்போது அந்த அதிர்வைக் குதிகாலும் முன்னெலும்பும் தாங்குகின்றன. மேல்நாட்டு பாலே நடனத்தில் விரல் நுனியில் நின்று ஆடுகிறவர்களுக்கும் இதே துன்பமுண்டு. ஓய்வு கிடைத்தால் எலும்பு தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால் விரிசல் விடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே படத்தில்கூட அது தெரியாமல் போகலாம். ஆகையால் எலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்ததும் வலித்தாலும், படுத்திருக்கும்போதும் வலித்தாலும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும்.

நடனமணி சுதா சந்திரனை நீங்கள் அறிவீர்கள். 1981-ஆம் ஆண்டு மே மாதம் நம் தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தில் அடிபட்டபோது அவர் பதின்ம வயதுப் பெண். காயம்பட்ட வலது காலில் சதை அழுகிப்போகவே, காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய செயற்கைப் பாதம் அவருக்குக் கிடைத்தது. செருப்பின்றி நடக்கவும், குந்தி உட்காரவும் ஏற்றதாக நம் நாட்டு வழக்கமறிந்து செய்யப்பட்ட ரப்பர் பாதம் அது. 1984-இல் அவர் மறுபடியும் மேடையேறினார். 1985-இல் அவருடைய கதை 'மயூரி' என்று தெலுங்கில் திரைப்படமாயிற்று. அவரே அதில் நடித்தார்.

இந்தக் கதையைச் சொல்லி, "வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடு" என்று பிள்ளைகளை ஏவுகிறவர்கள் உண்டு. அது தவறான பாடம். அவர் மேடைக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. துணிவோடு காத்திருப்பும் வேண்டியிருந்தது.

ஆடாத கால்களுக்கும் இது பொருந்தும். இவ்வூரில் விசைத்தறி முன்னால் நாள் முழுவதும் நிற்கிறவர்கள் அநேகர். அவர்களில் சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது. இரவில் படுக்குமுன் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். உங்களால் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் நான்தான் பேசினேன். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முன்பணம் போனால் போகட்டும் ஐயா. என்னிடம் சொல்லப் பயந்தாளே, அதுதான் பொறுக்கவில்லை" என்றார். அரங்கேற்றம் தள்ளிப்போயிற்று. அவள் இப்போது எங்கள் பிசியோதெரபி அறையில் மெல்ல மெல்லப் பயிற்சி செய்கிறாள். உங்கள் காணிக்கை இப்படிப்பட்ட கால்களுக்குத்தான் உதவுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வலியைப் பயமின்றிச் சொல்லட்டும். ஆண்டவர்தாமே உங்களைக் காப்பாராக.