குழந்தைகள் வார்டும் நம் கைகளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

நாம் மருத்துவம் கற்றோமில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுபவர். குழந்தைகள் வார்டு ஒன்றில் ஐந்து இரவுகள் விழித்திருந்து அறிந்ததையே கூற வந்துள்ளோம்.

நம் இளைய மகனை ஒன்றரை வயதில் நெஞ்சுச் சளிக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செய்தியறிந்து தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் உற்றார் திரண்டு வந்தனர். பக்கத்துக் கட்டிலில் பேதியால் வாடிய குழந்தையின் கன்னத்தைத் தடவிவிட்டு, அதே கையால் நம் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினர். நாமும் அவ்வாறே செய்தோம். சளி தணிந்தது. மூன்றாம் நாள் இரவு வாந்தி. பின்பு தண்ணீராய்ப் பேதி. விடிவதற்குள் கண்கள் குழிந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை.

“இது வீட்டிலிருந்து வந்ததன்று, இங்கே பற்றியது” என்றார் டாக்டர். சேர்ந்து இரண்டு நாள் கழிந்தபின் தோன்றும் பேதி பெரும்பாலும் வார்டில் தொற்றியதே என்பது அவர்கள் கணக்காம்.

ரோட்டா வைரஸ் என்னும் இக்கிருமியை 1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரின் குழுவினர் குழந்தைகளின் குடலில் கண்டறிந்தனர். மலத்தில் கோடிக்கணக்கில் வெளிப்படும். கட்டில் கம்பியிலும் பொம்மையிலும் நாட்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். மிகச் சில வாய்க்குள் சென்றாலே போதும். இதன் கூட்டாளியான நோரோ வைரஸோ சானிடைசருக்கு எளிதில் அடங்குவதில்லை. ஆகவே சோப்பும் ஓடும் நீருமே வேண்டும். பேதி கண்ட குழந்தைக்குத் தனியிடமும் தனிப் பொம்மையும் தேவை. அசுத்தமான இடத்தைத் துடைத்தபின் பிளீச்சிங் கரைசலால் மீண்டும் துடைத்தல் வேண்டும். நாம் இருந்த வார்டில் குழாய் உண்டு, சோப்பு இல்லை. வாங்கி வைத்தோம்; மறுநாள் காணோம். கோபித்து என்ன பயன்? இன்னொன்று வாங்கினோம்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாக இரவெல்லாம் புகட்டினார் நம் துணைவியார். தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்றனர். துத்தநாக மருந்தைப் பதினான்கு நாள் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளை பிழைத்தான்.

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களில் பிறந்த சிசுக்களிடம் ஒருவகை ரோட்டா வைரஸ் பரவியும், அவர்களுக்கு நோய் தோன்றவில்லை. டாக்டர் எம். கே. பான் குழுவினர் அதனை ஆராய்ந்தனர். அதிலிருந்து உருவான சொட்டு மருந்து டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பெற்று 2014-இல் அனுமதி பெற்றது. 2016 முதல் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்ந்து, இன்று 6, 10, 14 ஆம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நம் மகனுக்கு முதல் தவணை மட்டுமே போட்டிருந்தோம். கோயில் கொடைக்காகத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றதில் மற்றவை தவறின. அட்டையை எடுத்துச் சென்றிருந்தால் அங்கேயே போட்டிருக்கலாம். சொட்டு மருந்து நோயை முற்றிலும் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். அதுவே பெரிது.

வார்டுக்குச் சங்கத்தின் சார்பில் ஒருவர் வந்தால் போதும். வயிற்றுக் கோளாறு உள்ளவர் வரவே வேண்டாம். ஆரஞ்சுக்குப் பதில் ஒரு சோப்புக் கட்டியும், உடனிருக்கும் தாய்க்கு ஒரு தூக்குச் சோறும் அனுப்புங்கள். அந்த ஐந்து நாளும் நம் துணைவியார் வயிறார உண்ணவில்லை.