கரியைச் சுரண்ட மரக்குச்சி போதும்

பாகான் செராய் வட்டாரத்தில் வயல் வரப்பிலும் செம்பனைத் தோட்டத்திலும் புல்வெட்டும் இயந்திரம்தான் பலருக்குச் சோறு போடுகிறது. அது இழுவை இழந்து நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ‘இன்ஜின் முடிந்தது’ என்று புதிது வாங்க ஓடுவதற்கு முன், சூடு ஆறியதும் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் புகை வெளியேறும் துளையைக் கரி அடைத்தால், அதற்கு மூச்சு முட்டும்.

சுத்தம் செய்வது எளிது. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் துளையை மூடும்படி நிறுத்துங்கள். கரித்தூள் உள்ளே விழாது. பிறகு முனை மழுங்கிய மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம், அலுமினியப் பிஸ்டனில் கீறல் விழும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது அலுமினியத்தையே அரித்துவிடும். சைலன்சர் வலையை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம்.

இவ்வளவு கரி எங்கிருந்து வருகிறது? பல வேளைகளில், ‘கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது’ என்ற நம் எண்ணத்திலிருந்துதான்! கையேடு 50-க்கு 1 என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-டி எண்ணெய்; 25-க்கு 1 என்றால் 40. குறைத்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூட்டினால் கரி படியும். கண்ணளவை விட்டு, அளவுக் குவளையைக் கையில் எடுப்போம்.