ஓர் அம்மையாரின் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'தொண்டே வாழ்வாக' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. தொண்டர் என்றதும் நம் நினைவு பழங்காலத்தை நோக்கியே செல்லும். நான் அத்துணைத் தொலைவு செல்லவில்லை. ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகச் சென்றால் அடையாற்றை அடுத்த இந்திரா நகர் வரும். அங்கே குடிநோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவிய திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்களின் பணியைப் பற்றியே பேச விழைகிறேன்.

நடுவண் அரசின் நிதியமைச்சராக விளங்கிய டி.டி.கிருஷ்ணமாச்சாரி அவர்களின் பேரர் டி.டி.ரங்கநாதன். அவருடைய துணைவியார் இவ்வம்மையார். செல்வத்திற்கோ, கல்விக்கோ, நல்ல மருத்துவருக்கோ குறைவில்லாத குடும்பம். எனினும் 1979ஆம் ஆண்டு, இளமை கடவாத வயதிலேயே, ரங்கநாதன் குடிப்பழக்கத்துக்கு இரையானார்.

அந்த ஆண்டை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்தது. 1981இல்தான் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. ஆகவே 1979 என்பது மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்த காலம். சட்டம் இருந்தும் ஒருவர் குடியால் மாண்டார். இதனால் சட்டம் வேண்டா என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. கடையை அடைக்கச் சட்டம் போதும். குடிநோய்க்கு ஆளாகிவிட்டவனை மீட்கச் சட்டத்தோடு வேறொன்றும் வேண்டும் என்பதே என் கருத்து.

அவ்வேறொன்று யாது? திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அதன் இறுதி இரண்டு குறட்பாக்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். குடித்திருப்பவனிடம் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்கேற்றித் தேடுவதைப் போன்றது என்கிறது ஒன்று. குடிப்பவன் தான் குடியாத பொழுதில், குடித்து மயங்கிய இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதான் என்று எண்ணிப் பார்க்க மாட்டானோ என்று வினவுகிறது மற்றொன்று. அறிவுரையால் ஆகாதது, தன்னைப் போன்ற ஒருவனைக் காண்பதால் ஆகக்கூடும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் பொருள்.

இதற்கு நிகரான உண்மையை 1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகள் தம் பட்டறிவால் கண்டனர். ஒருவர் பங்கு வணிகத் துறையினர். மற்றவர் அறுவை மருத்துவர். ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியே குடியினின்றும் விலகினர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் உலகளாவிய அமைப்பு இவ்வாறே பிறந்தது. இந்நெறியையும் மருத்துவத்தையும் இணைத்து மின்னசோட்டா மாநிலத்தில் 1949இல் தோன்றியது ஹேசல்டன் நிலையம். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் குடிநோய் மருத்துவம் பெறத்தக்க நோயே என்று அறிவித்தது.

கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் ஹேசல்டனில் பயிற்சி பெற்றார். 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அப்பெயரைக் கவனியுங்கள். குடியால் நேர்ந்த சாவை 'நெஞ்சுவலி' என்றும் 'காய்ச்சல்' என்றும் சொல்லி மறைப்பதே நம் இல்லங்களின் வழக்கம். இவ்வம்மையாரோ, மறைத்திருக்கக் கூடிய காரணத்தை வெளிப்படையாகக் கூறி, கணவரின் பெயரையே குடிநோய் நீக்கும் நிறுவனத்துக்குச் சூட்டினார். ஒரு கைம்பெண்ணுக்கு, அதிலும் புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு, இது எளிய செயலன்று.

குடியை ஒழுக்கக் கேடாக மட்டும் கருதினால் ஏசத் தோன்றும். நோய் என்று அறிந்தால் அதன் குறிகளைக் காணத் தோன்றும். முன்பிருந்த அளவு போதாமை, குடித்த பொழுது நிகழ்ந்தது மறந்து போதல், காலையில் கைந்நடுக்கம், அந்நடுக்கம் தீர மீண்டும் குடித்தல் ஆகியவை அக்குறிகள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேர்ந்து உயிருக்கே கேடு வரலாம். எனவே கோயிலில் சத்தியம் வாங்குவதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

வருமுன் காத்தலை அறிஞர் மூன்று படிகளாகப் பிரிப்பர். தொடங்காதவரைத் தொடங்காமற் காப்பது முதற்படி. தொடங்கியவரை நோய் முற்றுமுன் மீட்பது இரண்டாம் படி. மீண்டவர் மறுபடி வீழாமல் காப்பது மூன்றாம் படி. இறுதிப் படியே அரியது. மருந்து உடலின் நஞ்சைச் சில நாள்களில் நீக்கிவிடும். மாலை ஆறு மணிக்கு எழும் வேட்கையை அது நீக்காது. அங்கேதான் உளவியல் வழிகாட்டலும், குழுவாக அமர்ந்து பேசுதலும், குடும்பத்தாரின் பங்கும் வேண்டப்படுகின்றன.

நகரத்திற்கு வர இயலாத உழவர்க்கு என்ன வழி? 1989 முதல், அப்போதைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடி என்னும் சிற்றூரில், பதினைந்து நாள் முகாம்களை இந்நிறுவனம் நடத்தலாயிற்று. மருத்துவமனையே ஊருக்குச் சென்றது. ஒருவன் திருந்துவதை ஊரே கண்டது. திருந்தியவனைத் தாங்கும் பொறுப்பும் ஊருக்கே வந்தது. இவ்வனுபவத்தை அம்மையார் 'அடிக்‌ஷன்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் 1994இல் எழுதினார். 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவரை நாடி வந்தன. பின்னதை முதன்முதலாகப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

இத்துறையில் வழிகாட்டுவோரைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தமிழாசிரியையாகிய எனக்குப் பத்துப்பாட்டே நினைவுக்கு வரும். வறுமையில் வாடிய பாணன் ஒருவன் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிறான். எதிரே பசியோடு வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் கூறி, நீயும் செல்க என விடுக்கிறான். வழி சொல்லும் தகுதியை அவனுக்குத் தந்தது அவன் பட்ட பசியே. குடியிலிருந்து மீண்டவர் இன்னொரு குடிநோயாளிக்கு வழிகாட்டுவதும் அத்தகையதே. குடிகாரரின் மனைவியாக வாழ்ந்து துயருற்ற ஒருவர், அத்துயருறும் மனைவியரை நோக்கி 'இவ்வழியே வாருங்கள்' என்றழைத்ததும் ஆற்றுப்படைதான்.

கல்லூரியில் நான் காணும் ஒன்றையும் கூற வேண்டும். தேர்வுக் கட்டணத்தை இறுதி நாளில் கட்டும் பெண்கள் உண்டு. காரணம் கேட்டால் தலைகுனிவர். இரண்டாம் முறை, தனியே அழைத்துக் கேட்டால், "அப்பா..." என்று தொடங்கி நிறுத்துவர். எஞ்சிய சொல்லை நானே உணர்ந்துகொள்வேன். தந்தையின் நோய்க்கு மகள் வெட்கப்படுகிறாள். நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ எந்த மகளும் இவ்வாறு தலைகுனிவதில்லை.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வரும் மாநிலம் நம்முடையது. அதைப் பற்றிய வாதங்களை அரசியல் மேடைகள் பார்த்துக்கொள்ளும். இலக்கிய வட்டத்தினராகிய நம்மால் ஆவது ஒன்று உண்டு. நம் தெருவில் இத்துன்பம் உள்ள வீட்டை நாம் அறிவோம். அவ்வீட்டாரைப் பழிக்காமல், இது நோய், இதற்கு மருத்துவம் உண்டு, இன்ன இடத்தில் உண்டு என்று எடுத்துக்கூறுவோம். பழந்தமிழ்ப் பாணன் செய்த பணி அது. அதனைச் செய்யப் புலமை வேண்டுவதில்லை. சற்று நின்று பேசும் மனம் இருந்தால் போதும்.