பாரிசில் நம்பிச் சாப்பிட ஓர் உணவகம்



"வாத்தியாருக்குப் பேச வேறு பொருளே கிடைக்கவில்லையா? தோட்டத்தில் இருக்கிற நமக்குப் பிரெஞ்சு உணவகம் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்பெல்லாம் தோட்டப் பள்ளியை விட்ட பிள்ளை பக்கத்துப் பட்டணத்துக்குப் போனாலே பெரிய காரியம். இன்று சிலர் ஐரோப்பா வரை படிக்கப் போகிறார்கள், அங்கேயே வேலையும் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்க நாமும் ஒரு முறையாவது போக நேருகிறது. போன இடத்தில் கோபுரத்தையும் ஆற்றையும் காட்ட ஆள் இருக்கிறது. வயிறு பசித்தால் எந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

பிரெஞ்சுக்காரர் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். இந்த நாட்டில் வாணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுத் துரை. மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர்கள் இங்கே வந்து சாப்பிட்டது பழைய கதை. நாங்கள் அங்கே போய்ச் சாப்பிட்ட கதையைச் சொல்கிறேன்.

என் அக்காள் மகள் பாரிசில் படித்து, அங்கேயே ஒரு வேலையிலும் அமர்ந்தாள். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று என் தாயார் ஒரே பிடிவாதம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விமானம் ஏறியதே அதுதான் முதல் தடவை. பள்ளி விடுமுறையில் நானும் உடன் சென்றேன். பாட்டியை ஒரு நல்ல பிரெஞ்சு உணவகத்தில் உட்கார வைத்துத் தன் சம்பளத்தில் ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும் என்று அந்தப் பெண் ஆசைப்பட்டிருந்தாள்.

அதற்குள் நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன். முதல் நாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள். நானும் அம்மாவும் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் பசியெடுத்தது. வாசலில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே "வாருங்கள், வாருங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். பலகையில் ஐந்து மொழிகளில் எழுத்து, ஒவ்வொன்றுக்கும் வண்ணப்படம். படம் இருக்கிறதே, ஏமாற மாட்டோம் என்று உட்கார்ந்தேன். கேட்காமலே ஒரு போத்தல் தண்ணீர் வந்தது. பட்டியலில் 'ஆந்த்ரே' என்று போட்டிருந்ததை முக்கிய உணவு என்று எண்ணி இரண்டு சொன்னேன். அது முதலில் கொறிக்கிற சிறு தட்டு. பசி அடங்காமல் மறுபடியும் சொன்னேன். கடைசியில் சீட்டு வந்தபோது எழுபது யூரோவுக்கு மேல். நாங்கள் போனபோது ஒரு யூரோ ஏறக்குறைய ஐந்து வெள்ளி. அம்மா தொகையைக் கேட்டார். நான் சொன்னேன். "ஒரு மாசத்துக் கடைச் சாமான் காசுப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் எந்த உணவகத்துக்குள்ளும் கால் வைக்க மறுத்துவிட்டார். அறையிலேயே ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்றார். பேத்தியின் முகம் வாடிப்போயிற்று.

மூன்றாம் நாள் அவள் என்னைத் தெருவுக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினாள். வாத்தியாருக்கே பாடம்!

"மாமா, முதலில் வாசலில் நின்று படியுங்கள்" என்றாள். பிரான்சில் உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியிலேயே ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதில் போட்ட விலையில் வரியும் பரிமாறும் கூலியும் அடங்கியிருக்கும். ஆகவே உள்ளே போகுமுன்பே எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். வெளியே பட்டியல் கண்ணுக்குத் தெரியாத இடத்தை விட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். பட்டியல் சிறியதாக இருப்பது நல்லது. நாலு முதல் தட்டு, ஐந்தாறு முக்கிய உணவு, மூன்று இனிப்பு என்று கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தால், அன்று காலை சந்தையில் வாங்கியதைச் சமைக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். அறுபது வகை எழுதியிருந்தால் அவ்வளவையும் அன்றன்று சமைக்க எந்தச் சமையற்காரராலும் முடியாது. பெட்டியில் உறைந்து கிடந்ததைச் சூடாக்கித் தருவார்கள். நம் ஒட்டுக்கடையிலும் இதே கதைதானே! 2014 முதல் அங்கே ஓர் அடையாளமும் வந்திருக்கிறது. சட்டியின் மேல் வீட்டுக் கூரை போட்டது போன்ற சிறு படம். அங்கேயே, பச்சைப் பொருள்களிலிருந்து சமைத்தது என்று அதற்குப் பொருள்.

அடுத்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டிய சொற்கள். 'ஆந்த்ரே' முதல் தட்டு. 'ப்ளா' முக்கிய உணவு. 'ப்ளா து ழூர்' என்றால் அன்றைய நாளின் உணவு. மதியத்தில் வேலையாட்கள் அதிகம் கேட்பது அதுதான். 'மெனு' என்று நாம் பட்டியலைச் சொல்கிறோம். அங்கே அந்தச் சொல் முழுச் சாப்பாட்டுக்கு ஒரே விலை வைத்ததைக் குறிக்கும். பட்டியலுக்கு அவர்கள் சொல் 'கார்த்'. முதல் தட்டும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும் என்று இரண்டைச் சேர்த்து விலை வைத்தால் அது 'ஃபோர்முயூல்'. பாரிசில் நடுத்தர 'பிஸ்த்ரோ' ஒன்றில் மதிய நேரத்து ஃபோர்முயூல் பெரும்பாலும் 18 முதல் 25 யூரோவுக்குள் கிடைக்கும். அதே உணவை இரவில் தனித்தனியாகக் கேட்டால் கூடுதலாகும். ஆகையால் நல்ல இடத்தில் ஒரு முறை சாப்பிட வேண்டுமென்றால் மதியம் போங்கள். பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கெல்லாம் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசிக்கிறது என்று போனால் காப்பிதான்.

தண்ணீர் விஷயம். போத்தல் வேண்டாம், 'உயூன் கராஃப் தோ' என்று சொன்னால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குக் காசு இல்லை, ரொட்டிக்கும் காசு இல்லை. குடிநீர் இலவசமாகக் கிடைக்கும் என்று பட்டியலிலோ பலகையிலோ எழுதிவைக்க வேண்டும் என்றே 2022 முதல் சட்டம் இருக்கிறது. இது தெரியாமல் முதல் நாள் நான் தண்ணீருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது இறைச்சியின் பெயர்கள். 'பெஃப்' மாட்டிறைச்சி. 'வோ' கன்றிறைச்சி. 'போர்', 'ழாம்போன்', 'லார்தோன்' மூன்றும் பன்றி. கடைசியில் சொன்னது சிறு துண்டுகளாகக் கீரைத் தட்டில்கூட ஒளிந்திருக்கும். 'ஆஞோ' ஆட்டுக்குட்டி, 'பூலே' கோழி, 'புவாசோன்' மீன். சோற்றுக்கு அவர்கள் சொல் 'ரீ'. பட்டியலில் 'ரீ து வோ' என்று கண்டால் சோறு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. அது கன்றின் கழுத்துப் பகுதியிலுள்ள ஒரு சுரப்பி! 'ஆந்துயெத்' என்பது பன்றிக்குடலை அடைத்துச் செய்வது. விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். தெரியாமல் கேட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த பிறகு அவள், "பாட்டியைப் புய்யோனுக்கு அழைத்துப் போவோம்" என்றாள். புய்யோன் என்றால் இறைச்சியை வேகவைத்த ரசம். அது எப்படி உணவகத்துக்குப் பெயராயிற்று? 1855 வாக்கில் பாரிஸ் பெரிய சந்தைப் பக்கத்தில் துய்வால் என்ற கசாப்புக்கடைக்காரர் இருந்தார். நல்ல துண்டுகளைப் பணக்காரர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். மிஞ்சிய துண்டுகளை என்ன செய்வது? வேகவைத்து, ரசமும் இறைச்சியுமாக ஒரு தட்டு, குறைந்த விலை, சுத்தமான மேசை என்று சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகக் கடை போட்டார். கூட்டம் அலைமோதியது. கிளைக்குமேல் கிளை வைத்தார். 1900 வாக்கில் பாரிசில் ஏறக்குறைய 250 புய்யோன்கள் இருந்தனவாம். பிறகு பெரும்பாலானவை மறைந்துபோயின. 1896இல் சார்த்தியே சகோதரர்கள் தொடங்கிய புய்யோன் மட்டும் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் இன்றும் நடக்கிறது. 1989இல் அந்தக் கூடத்தை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். 2017இல் பிகால் பகுதியிலும் 2021இல் ரெப்பூப்ளிக் பகுதியிலும் புதிய புய்யோன்கள் திறந்த பிறகு அந்தப் பழைய வழக்கத்துக்கு மறுபடியும் உயிர் வந்திருக்கிறது.

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்களுக்காக வைத்த கடை என்றதும், "அப்படியானால் வந்து பார்க்கிறேன்" என்று எழுந்தார்.

சார்த்தியே கூடத்தில் முன்கூட்டி இடம் சொல்லி வைக்க முடியாது. வரிசையில் நிற்க வேண்டும். அரை மணி நேரம் நின்றோம். உள்ளே உயர்ந்த கண்ணாடிக் கூரை, சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடிகள், மேசைகளுக்கு மேலே ரயில் பெட்டியில் இருப்பது போன்ற பித்தளைத் தட்டு, தொப்பியும் பையும் வைக்க. அம்மா வாசலிலேயே தயங்கினார். "செருப்போடு போகலாமா?" என்று மெல்லக் கேட்டார். முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது அங்கே வழக்கம். எங்கள் மேசையில் ஒரு கிழவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேத்தி சொல்லிக் கொடுத்தபடி அம்மா "போன்ழூர்" என்றார். அவர் ரொட்டிக் கூடையை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். அங்கே அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் உட்காருவது மரியாதைக் குறைவு.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். துருவிய கேரட்டில் எலுமிச்சைச் சாறு விட்ட ஒரு தட்டு, பிறகு அடுப்பில் வாட்டிய கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும் என்று பேத்தி சொன்னாள். கருப்புச் சட்டையும் வெள்ளை முன்றானைத் துணியும் கட்டிய பணியாளர், மேசை விரிப்பாகப் போட்டிருந்த வெள்ளைத் தாளிலேயே எங்கள் கணக்கை எழுதிக்கொண்டார். தனிச் சீட்டு இல்லை. சாப்பிட்டு முடித்ததும் அதே தாளில், எங்கள் கண்முன்னே, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கூட்டினார்.

அம்மா அந்தத் தாளையே உற்றுப் பார்த்தார். எழுத்து வாசனை அதிகம் இல்லாவிட்டாலும் எண்கள் அவருக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் எட்டிப் பார்த்து, மனத்தில் கூட்டி வைத்து, மாதக் கடைசியில் சம்பளத்தோடு ஒத்துப் பார்த்தவர். "இது என்ன ஏழா?" என்று கேட்டார். பிரெஞ்சுக்காரர் ஒன்றை எழுதும்போது நெற்றியிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள்; ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுவார்கள். பேத்தி விளக்கினாள். பிறகு அம்மா விரலை வைத்து மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு வந்தார். பணியாளரும் அவசரப்படாமல் நின்றார். மூன்று பேருக்கும் இனிப்போடு சேர்த்து ஐம்பது யூரோவைத் தாண்டவில்லை. "சரியாகத்தான் போட்டிருக்கிறார்" என்று அம்மா தலையாட்டிய பிறகுதான் பேத்தி பணத்தை எடுத்தாள்.

புய்யோன் சமையல் உலகத்திலேயே சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கோழி கொஞ்சம் உலர்ந்துதான் இருந்தது. சத்தம் அதிகம், நிதானமாகப் பேச முடியாது. கூடுதலாகப் பத்துப் பதினைந்து யூரோ செலவிட முடிந்தவர்கள் நான் முன்பு சொன்ன கரும்பலகை பிஸ்த்ரோவைத் தேடுவது நல்லது. மிஷலின் என்ற டயர்க் கம்பெனி வெளியிடும் உணவக வழிகாட்டி நூலில் நட்சத்திரம் பெற்றவை நமக்கு எட்டாதவை. ஆனால் நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கு 1997 முதல் 'பிப் குர்மோன்' என்று தனி அடையாளம் போடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

முழுச் சைவக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய பிரெஞ்சுச் சமையலில் காய்கறித் தட்டிலும் இறைச்சி ரசம் கலந்திருக்கக்கூடும். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அது சங்கடம் என்றால் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பகுதி இருக்கிறது. இலங்கைத் தமிழர் கடைகள் தெரு முழுவதும். பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் அவர்களில் பலர் வேலை செய்கிறார்கள். 2023இல் பாரிசின் சிறந்த பகெத் ரொட்டிக்கான போட்டியில் வென்றவரே இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா என்பவர்தான். மறுநாள் அம்மா அந்தத் தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றார். தோசை வந்தது. விலையைக் கேட்டுவிட்டு, "நேற்றுக் கோழியே தேவலாம்" என்றார்.