பிரசவமும் தலைவிதியும்
(திருவெள்ளறையில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் ஸ்வஸ்திகக் கிணற்றில் ஒரு துறையில் குளிப்போரை மறு துறையில் இருப்போர் காணமுடியாது. கர்ப்ப ஸ்திரீயின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் அப்படித்தான் மறைந்திருக்கும், வலியும் இராது. அது சிசுவுக்குள்ளும் புகுந்து அதை அளவுமீறி வளர்க்கும். பிள்ளை பெருத்துப் பிறந்தால் பெருமாள் வரமென்கிறார்கள். பிரசவம் சிக்கினால் தலைவிதியென்கிறார்கள். ஒரே சர்க்கரைக்கு இரண்டு பெயரா?

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரங்கழித்து இரத்தம் பார்த்தால் குட்டு வெளிப்படும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தியம் தொடங்கவேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இச்சோதனை வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசு 2007-லேயே உத்தரவிட்டது. கர்ப்பமென்று அறிந்ததும் ஒரு தடவை, 24 வாரத்துக்குமேல் மறு தடவை பார்க்கவேண்டும்.

பெரும்பாலோருக்கு அளவறிந்த உணவும் நடையுமே போதும். போதாதவர்க்கு இன்சுலின் இருக்கிறது. 1921-ல் டொராண்டோவில் அதைக் கண்டது மனிதன் அறிவு, மந்திரமல்ல.

ஆகையால் ஆண்மக்களே! நேர்த்திக்கடனுக்கு முடிந்துவைத்த காசைப் பஸ் சார்ஜாக்கி, மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்ணுயிரைத் தலைவிதியிடம் விட்டுவிடுவது நமக்கு மானக்கேடென்றே சொல்லுவோம்.