கோகோ தோட்டத்துக்குள் விட்ட எறும்பு



பூச்சியை விட்டே பூச்சியை ஒழிக்கலாம் என்றால் எந்த விவசாயிக்குத்தான் பிடிக்காது? மருந்துச் செலவு மிச்சம், மண்ணும் கெடாது. ஆனால், எந்தப் பூச்சியை எங்கிருந்து கொண்டுவந்து விடுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். இதை ஆப்பிரிக்கக் கோகோ தோட்டங்கள் பட்டுத் தெரிந்துகொண்டன.

அங்கே கோகோவின் பெரிய எதிரி மிரிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. இளந்தண்டிலும் காயிலும் ஊசி போன்ற வாயைச் செருகும். குத்திய இடம் கறுக்கும். கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். அதை அடக்கத்தான் கேமரூன் விவசாயிகள், அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட சின்ன நெருப்பெறும்பைத் தோட்டங்களில் பரப்பினார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு எறும்பு அது. மிரிட்டோடு அது நிற்கவில்லை. உள்ளூர் எறும்பினங்களைத் துரத்தியது. காய் பறிக்க வந்தவர்களையும் கொட்டியது. பரவிய பிறகு அதைத் திரும்பப் பிடித்து அடைக்க யாராலும் முடியவில்லை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பல எறும்புகள் மாவுப்பூச்சி சுரக்கும் தேன்துளிக்காக அதைக் காவல் காக்கும். சில இனங்கள் மண்ணையும் தூளையும் சேர்த்துக் காயின் மேலேயே அதற்குக் கூடாரம் கட்டும். அந்த மண்ணோடு கருங்காய் நோய்க்கிருமியும் மேலேறும். மாவுப்பூச்சியோ தண்டுவீக்க வைரஸை மரத்துக்கு மரம் கடத்தும். கானாவில் 1936-இல் கண்டறியப்பட்ட தண்டுவீக்க நோய்க்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் இருபது கோடிக்கும் மேல். ஒரு பூச்சியைக் கொல்ல வந்த எறும்பே இன்னொன்றுக்குக் காவலாளி ஆகிவிட்டால், விவசாயி எங்கே போவார்?

இதனால் இயற்கை வேட்டையாடிகளே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. நம் மாமரத்து முசுறு எறும்பின் ஆப்பிரிக்க உறவினம் அந்த மண்ணிலேயே பிறந்து மிரிட்டை வேட்டையாடுகிறது. முதலில் அத்தகைய உள்ளூர் இனத்தைக் காப்பாற்றுங்கள். வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அது வேறு எதைத் தின்னும், எதை வளர்க்கும், யாரைக் கடிக்கும் என்று அடைப்புக்குள் வைத்துச் சோதித்த பிறகே திறந்துவிட வேண்டும். தெளித்த மருந்தின் வீரியம் நாளாக ஆகக் குறையும். விட்ட பூச்சியோ நாளாக ஆகப் பெருகும்.